அப்பாவையும் ‘அம்மா’ என்றே கூப்பிட்ட சிறுமி

சில மாதங்களுக்கு முன் ஒரு புதன்கிழமை மதியம். கூட்டம் குறைந்து, சாப்பிடக் கிளம்பலாமா என்று கடிகாரத்தைப் பார்த்த நேரத்தில் நான்கு பேர் உள்ளே வந்தார்கள். ஆட்டோ ஓட்டும் அப்பா, அம்மா, அப்பாவைப் பெற்ற பாட்டி, ஆறு வயதுப் பெண் குழந்தை. காதில் சீழ் வடிகிறது என்பதுதான் புகார். ‘‘இது நாலாவது தடவை சார். சொட்டு மருந்து போட்டா நிக்குது, மறுபடி வருது’’ என்றார் அம்மா.

காதைப் பார்த்துவிட்டு, வழக்கம்போல ‘‘வாயைத் திற பாப்பா’’ என்று டார்ச்சை அடித்தேன். நாக்கு தெரிந்தது. அதற்கு மேலே கூரை இருக்கவேண்டிய இடத்தில், நடுவில் முன்னும் பின்னுமாக நீளமான ஓர் இடைவெளி. அதன் வழியே மூக்கின் உட்புறம் தெரிந்தது. மேல் உதட்டில் மெல்லிய ஒரு கோடு. அழகாகத் தைக்கப்பட்ட உதடு. உற்றுப் பார்க்காவிட்டால் தெரியாது.

‘‘ஆபரேஷன்தான் அஞ்சாம் மாசமே பண்ணியாச்சே சார்’’ என்றார் அப்பா, நான் எதுவும் கேட்காமலே.

‘‘அது உதட்டுக்கு. உள்ளே அண்ணத்துக்கு?’’

அவர் மனைவியைப் பார்த்தார். அந்தப் பெண் தரையைப் பார்த்தார். ‘‘ஒரு வயசுல இன்னொண்ணு பண்ணணும்னு சொன்னாங்க சார். அப்போ கொரோனா. அப்புறம் மாமாவுக்கு உடம்பு முடியல. முகம்தான் நல்லா ஆயிடுச்சேன்னு...’’ அதற்கு மேல் சொல்லவில்லை.

குழந்தைக்குப் பொறுமை போய்விட்டது. அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, ‘‘அம்மா, மோலாம்’’ என்றாள். ‘போலாம்’ என்கிறாள் என்று புரிந்தது. ஆனால், அம்மா அந்தப் பக்கமல்லவா நிற்கிறார் என்று நான் திரும்பிப் பார்க்க, அப்பா சிரித்தார். ‘‘என்னைத்தான் சார் கூப்பிடுறா. அவளுக்கு அப்பா வராது.’’

இந்த வாரம் உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு பற்றித்தான் எழுதப்போகிறேன். ‘அதுதான் தெரியுமே, தைத்தால் சரியாகிவிடும்’ என்று பக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள். அந்த ‘தைத்தால் சரியாகிவிடும்’ என்ற நினைப்புதான் இந்தக் குழந்தையை ஆறு வருடம் காக்க வைத்தது.

உலகெங்கும் ஏறக்குறைய 700 பிறப்புகளுக்கு ஒரு குழந்தை இந்தப் பிளவோடு பிறக்கிறது. சிலருக்கு உதடு மட்டும். சிலருக்கு உதடு, ஈறு, அண்ணம் மூன்றும். இன்னும் சிலருக்கு வெளியே முகம் அப்பழுக்கில்லாமல் இருக்கும்; அண்ணத்தில் மட்டும் பிளவு. அது ஒரு பக்கமாகவும் வரலாம், இரண்டு பக்கமும் வரலாம்.

நம் எல்லோருக்குமே ஒரு காலத்தில் உதடு பிளந்துதான் இருந்தது. அம்மாவின் வயிற்றில் முகம் ஒரே துண்டாக உருவாவதில்லை. இடமும் வலமும் நடுவிலுமாகத் தனித்தனிப் பகுதிகளாக வளர்ந்து, நெருங்கி வந்து ஒட்டிக்கொள்கிறது. நான்கிலிருந்து ஏழாவது வாரத்துக்குள் மேல் உதடு சேர்ந்துவிடும். ஆறிலிருந்து ஒன்பதாவது வாரத்துக்குள், பக்கவாட்டிலிருந்து இரண்டு தட்டுகள் வளர்ந்து நடுவில் சந்தித்து அண்ணம் மூடிக்கொள்ளும். ஏதோ ஒரு காரணத்தால் அந்தச் சந்திப்பு நடக்காமல் போனால் இடைவெளி அப்படியே நின்றுவிடுகிறது. கணக்குப் பாருங்கள்: நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று பெண் உணர்ந்து, பரிசோதித்து, வீட்டில் சொல்வதற்குள் உதட்டின் கதை பாதி முடிந்துவிடுகிறது.

இதை எழுதக் காரணம் உண்டு. அன்றைக்கு அந்தப் பாட்டி என்னிடம் தனியாகச் சொன்னார்: ‘‘ஏழு மாசம் இருக்கும்போது கிரகணம் பிடிச்சுது டாக்டரய்யா. வெளிய போகாதேன்னு சொன்னேன், கேக்கல. அடுப்படியில காய் வேற நறுக்கிக்கிட்டு இருந்தா.’’ மருமகள் காதில் விழுகிற குரலில்தான் சொன்னார். ஆறு வருடமாக அந்தப் பெண் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ‘‘பாட்டியம்மா, ஏழாம் மாதம் கிரகணம் வந்தபோது உங்க பேத்திக்கு உதடு உருவாகி முடிந்து நாலு மாதத்துக்கு மேல ஆச்சு. காய் நறுக்கினதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை’’ என்றேன். பாட்டி நம்பினாரா தெரியாது. மருமகள் முதன்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

உண்மையான காரணம் என்ன என்றால், பெரும்பாலான குழந்தைகளில் ஒற்றைக் காரணம் என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாது. மரபணுக்களும் கர்ப்பச் சூழலும் சேர்ந்து செய்வது. புகைபிடித்தல், கர்ப்பத்துக்கு முன்பே இருக்கும் சர்க்கரை நோய், வலிப்புக்குத் தரப்படும் சில மாத்திரைகள் ஆகியவை ஆபத்தைக் கூட்டுகின்றன. வலிப்பு மாத்திரை சாப்பிடுகிற பெண்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. கர்ப்பம் தரிக்கத் திட்டமிடும்போதே நரம்பியல் மருத்துவரைப் பார்த்து, மாற்ற முடியுமா என்று கேளுங்கள். ஃபோலிக் அமில மாத்திரையையும் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே தொடங்குவது நல்லது. முதல் குழந்தைக்குப் பிளவு இருந்தால் அடுத்ததற்கும் வருமா? பெற்றோருக்கு இல்லாமல், வேறு குறைபாடுகளோடு சேராமல் வந்திருந்தால், வாய்ப்பு நூற்றுக்கு இரண்டிலிருந்து ஐந்து வரைதான்.

ஐந்தாம் மாத ஸ்கேனில் உதட்டுப் பிளவு பெரும்பாலும் தெரிந்துவிடும். அண்ணத்தில் மட்டும் பிளவு என்றால் பல சமயம் தெரியாது. ஸ்கேனில் தெரிந்ததும் கருவைக் கலைத்துவிடலாமா என்று கேட்டு வருபவர்கள் உண்டு. வேறு குறைபாடு எதுவும் இல்லை என்று உறுதியானால், இது சரிசெய்யக்கூடிய விஷயம். அறுவை சிகிச்சை செய்த குழந்தைகளின் படங்களைக் காட்டிவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

சரி, குழந்தை பிறந்துவிட்டது. முதல் வாரத்தில் எல்லோரும் ‘ஆபரேஷன் எப்போது’ என்றுதான் கேட்கிறார்கள். அவர்கள் முதலில் கேட்க வேண்டியது ‘பால் எப்படிக் கொடுப்பது’ என்று. ஆபரேஷனைத் தள்ளிப்போட வைப்பது பெரும்பாலும் எடை ஏறாததுதான்.

உதட்டில் மட்டும் பிளவு என்றால் பெரும்பாலான குழந்தைகளால் தாயிடம் பால் குடிக்க முடியும். அண்ணத்தில் பிளவு இருந்தால் கதை வேறு. ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சிப் பாருங்கள், அதுதான் குழந்தையின் நிலைமை. வாய்க்குள் காற்றை இழுத்துப் பிடிக்க முடியாது. முக்கால் மணி நேரம் மார்பில் கிடந்து சப்பிக் களைத்துத் தூங்கிவிடும். வயிற்றில் எதுவும் போயிருக்காது. ‘நல்லாத்தான் குடிக்குது’ என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

இதற்கு நம் பாட்டிகளின் பரணிலேயே ஒரு கருவி இருக்கிறது. பாலாடை. நீண்ட மூக்கு வைத்த அந்தச் சின்னஞ்சிறு கிண்ணத்தைத்தான் இன்று குறைமாதக் குழந்தைகளுக்குப் பால் புகட்ட மருத்துவமனைகளிலும் பயன்படுத்துகிறோம். தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுத்து, கொதிக்கவைத்துச் சுத்தம் செய்த பாலாடையில் ஊற்றி, குழந்தையை நிமிர்த்திச் சாய்வாக மடியில் உட்கார வைத்து, பிளவு இல்லாத பக்கமாகக் கன்னத்தின் உட்புறம் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். விழுங்கியதும் அடுத்த வாய். காற்று நிறைய உள்ளே போகும் என்பதால் இடையிடையே தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் விடவைக்க வேண்டும். மூக்கு வழியாகக் கொஞ்சம் பால் வந்தால் பதற வேண்டாம். இன்னும் நிமிர்த்திப் பிடியுங்கள், வேகத்தைக் குறையுங்கள். படுக்கவைத்து மட்டும் ஊற்றாதீர்கள். ஒரு வேளைப் பால் அரை மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். அதற்கு மேல் போனால், குடித்த பால் குடிக்கும் உழைப்புக்கே செலவாகிவிடும். வாரம் ஒரு முறை எடை பாருங்கள். எடை ஏறவில்லை என்றால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

உதட்டு ஆபரேஷனுக்கு மருத்துவர்களிடையே ஒரு பழைய வாய்ப்பாடு உண்டு. பத்து வாரம், பத்து பவுண்ட், பத்து கிராம். அதாவது குறைந்தது பத்து வார வயது, சுமார் நாலரை கிலோ எடை, ரத்தத்தில் பத்து கிராம் ஹீமோகுளோபின். மயக்க மருந்தைத் தாங்கும் வலு வந்துவிட்டதா என்று பார்க்கத்தான் இது. நடைமுறையில் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் செய்கிறார்கள். சளி, காய்ச்சல் இருந்தால் தள்ளிவைப்பார்கள். அதற்காகக் கோபப்படாதீர்கள்.

பிளவின் இரண்டு ஓரங்களையும் இழுத்துப் பிடித்துத் தைத்துவிட்டால் உதடு கோணிக்கொண்டு மேலே ஏறிவிடும். பிளந்த பக்கத்தில் உதட்டின் உயரமே குறைவு. இதற்கு ஒரு வழி கண்டவர் ரால்ஃப் மில்லார்ட் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர். 1950-களின் நடுவில் கொரியாவில் பணியாற்றியபோது இதை யோசித்து, 1955-ல் ஸ்டாக்ஹோமில் நடந்த மாநாட்டில் சொன்னார். நடுப்பக்கத் திசுவை வளைவாக வெட்டிச் சுழற்றிக் கீழே இறக்குவது. அதனால் உண்டாகும் இடத்தில் பக்கவாட்டுத் திசுவை முன்னே நகர்த்தி வைப்பது. உயரமும் கிடைக்கிறது, தழும்பும் மூக்குக்குக் கீழே இயல்பாக இருக்கும் வரம்பின் மேலேயே விழுந்து மறைந்துகொள்கிறது. அதன் பிறகு எத்தனையோ மாற்றங்கள் வந்துவிட்டாலும், இன்றைக்கும் உலகில் மிக அதிகமாகச் செய்யப்படும் முறைகளில் இது ஒன்று. தோலை மட்டுமல்ல, உள்ளே வாயைச் சுற்றி ஓடும் தசையையும் பிரித்துச் சரியான திசையில் இணைக்கிறார்கள். இல்லாவிட்டால் குழந்தை சிரிக்கும்போது ஒரு பக்கம் புடைக்கும்.

தழும்பு முதல் சில மாதங்கள் சிவந்து தடித்து இருக்கும். ‘முதல்ல நல்லா இருந்துச்சு, இப்போ மோசமாயிடுச்சு’ என்று ஓடி வருவார்கள். ஒரு வருடத்தில் வெளிறி அடங்கிவிடும்.

உதடு சேர்ந்த அன்று தாயின் முகத்தைப் பார்க்க வேண்டும். தியேட்டருக்கு வெளியே குழந்தையை வாங்கியதும் சிலர் ‘இது என் குழந்தைதானா’ என்று ஒரு கணம் திகைத்துப்போவார்கள். ‘ஸ்மைல் பிங்கி’ என்ற ஆவணப்படம் நினைவிருக்கிறதா? உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூர் பக்கத்துக் கிராமத்துச் சிறுமி பிங்கிக்கு வாரணாசியில் இலவசமாக உதட்டு ஆபரேஷன் நடந்த கதை. 2009-ல் ஆஸ்கர் வாங்கியது. அந்தச் சிறுமி 2013-ல் விம்பிள்டன் ஆண்கள் இறுதிப் போட்டிக்கு நாணயம் சுண்டிவிட்டாள். அந்தப் படத்தால் எத்தனையோ குடும்பங்கள் மருத்துவமனைக்கு வந்தன. நல்ல விஷயம்தான். ஆனால், உதடு சேர்வது கேமராவுக்குத் தெரியும். அண்ணத்தைத் தைத்தால் கேமராவுக்குக் காட்ட எதுவுமே இல்லை. ஊருக்கும் எதுவும் தெரியாது. கல்யாண வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள். அங்கேதான் பல குடும்பங்கள் நின்றுவிடுகின்றன.

பள்ளியில் படித்த தமிழ் இலக்கணத்தைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். க, ச, ட, த, ப, ற வல்லினம். ங, ஞ, ண, ந, ம, ன மெல்லினம். ஒவ்வொரு வல்லின எழுத்துக்கும் ஒரு மெல்லின எழுத்து ஜோடி. இன எழுத்து என்று படித்திருப்போம். ‘ப’ சொல்லிப் பாருங்கள். ‘ம’ சொல்லிப் பாருங்கள். இரண்டுக்கும் உதடுகள் ஒரே மாதிரிதான் மூடித் திறக்கின்றன. வித்தியாசம் எங்கே? மூக்கைப் பிடித்துக்கொண்டு மறுபடி சொல்லுங்கள். ‘ப’ சரியாக வரும், ‘ம’ மூச்சுமுட்டும். ‘ப’ சொல்லும்போது அண்ணத்தின் பின்பகுதியில் இருக்கும் மென்மையான தசை மேலெழும்பி, மூக்குக்குப் போகும் வழியை அடைத்துவிடுகிறது. காற்று வாயில் தேங்கி வெடித்து வெளியே வருகிறது. ‘ம’வுக்கு அந்தக் கதவு திறந்திருக்கும். எழுத்துகள் பிறப்பதற்குப் பல், உதடு, நாக்கு, மூக்கு, அண்ணம் எல்லாம் வேண்டும் என்று தொல்காப்பியத்தின் பிறப்பியலிலேயே சொல்லியிருக்கிறது. நாங்கள் மருத்துவக் கல்லூரியில் அதைத் தாமதமாகப் படித்தோம், அவ்வளவுதான்.

அண்ணம் பிளந்த குழந்தைக்கு அந்தக் கதவே இல்லை. வல்லினம் எல்லாம் காற்றிறங்கி மெல்லினமாகிவிடும். ‘பட்டு’ என்பது ‘மண்ணு’ மாதிரி கேட்கும். ‘தாத்தா’ என்றால் ‘நாந்நா’. அம்மா மட்டும் அப்பழுக்கில்லாமல் வரும், அது முழுக்க மூக்கின் எழுத்து. அப்பாவும் அம்மாவாகிவிடுவார்.

இந்தப் பிளவில் தசை அறுந்துபோயிருப்பதில்லை. தவறான இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இடமிருந்து வலமாக ஊஞ்சல் கயிறுபோல் ஓட வேண்டிய தசை, முன்பின்னாக ஓடி எலும்பின் ஓரத்தில் போய் ஒட்டியிருக்கும். அதை அங்கிருந்து விடுவித்து, திருப்பி, நடுவில் இணைத்து ஊஞ்சலாக்குவதுதான் அண்ண ஆபரேஷனின் உயிர்நாடி. ஓட்டையை மூடுவது மட்டும் அல்ல. கதவு அசைய வேண்டும்.

எப்போது செய்ய வேண்டும்? குழந்தை பேசத் தொடங்குவதற்குள். நம் ஊரில் பெரும்பாலும் ஒன்பது மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள். ஐரோப்பாவிலும் தென் அமெரிக்காவிலும் 23 மையங்களில், அண்ணத்தில் மட்டும் பிளவுள்ள 558 குழந்தைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2023-ல் வெளியானது. ஆறு மாதத்தில் ஆபரேஷன் செய்த குழந்தைகளில், ஐந்து வயதில் அந்தக் கதவு சரியாக மூடாமல் இருந்தவர்கள் 8.9 சதவிகிதம். பன்னிரண்டு மாதத்தில் செய்தவர்களில் 15 சதவிகிதம். ஆரோக்கியமான, எடை நன்றாக ஏறிய குழந்தைகளுக்கு, தேர்ந்த மயக்க மருந்து வசதி உள்ள இடத்தில் கிடைத்த முடிவு இது. எல்லாக் குழந்தைக்கும் ஆறு மாதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். காலம் எவ்வளவு முக்கியம் என்பதற்காகச் சொன்னேன். மாதக் கணக்கிலேயே இவ்வளவு வித்தியாசம் என்றால், வருடக் கணக்கில் தள்ளிப்போடுவதைப் பற்றி என்ன சொல்ல?

தள்ளிப்போனால் இன்னொன்றும் நடக்கிறது. வாயில் காற்றை நிறுத்த முடியாத குழந்தை, தொண்டைக்குழியிலேயே காற்றை வெட்டிப் பேசக் கற்றுக்கொள்கிறது. ‘காக்கா’ சொல்லும்போது விக்கல்போல ஒரு சத்தம் வரும். இது பழக்கம். பின்னால் அண்ணத்தைத் தைத்தாலும் பழக்கம் போகாது. அதை மறக்கவைத்துப் புதிதாகப் பழக்க, பேச்சுப் பயிற்சியாளர் வேண்டும். காதும் இதில் சேர்ந்துவிடும். அண்ணத்தின் தசைதான் நடுக்காதுக்குக் காற்று போகும் குழாயைத் திறந்து விடுகிறது. அது வேலை செய்யாவிட்டால் காதுக்குள் நீர் தேங்கும், சீழ் பிடிக்கும், கேட்கும் திறன் குறையும். பேச்சு சரியில்லாத குழந்தைக்குக் காதும் மந்தமாகிவிட்டால்? வகுப்பில் பின்வரிசை, ‘மந்தம்’ என்ற பட்டம். அந்தச் சிறுமிக்குக் காதில் சீழ் நான்காவது தடவையாக வந்ததற்கும் சொட்டு மருந்து தோற்றதற்கும் காரணம் அவள் வாயில்தான் இருந்தது.

எந்தக் குழந்தையாவது மூக்கால் பேசினால், உதடு சரியாக இருந்தாலும், ஒரு முறை டார்ச் அடித்து உள்நாக்கைப் பாருங்கள். அது பாம்பு நாக்குபோல இரண்டாகப் பிளந்திருந்தால், மேல்தோல் மூடி, உள்ளே தசை மட்டும் பிளந்திருக்கும் மறைவான அண்ணப் பிளவாக இருக்கலாம். உடனே காட்ட வேண்டும்.

பேச்சுப் பயிற்சி பற்றி ஒரு வார்த்தை. ஆபரேஷன் முடிந்ததும் பல வீடுகளில் குழந்தையை பலூன் ஊதவைக்கிறார்கள், விசில் ஊதவைக்கிறார்கள், தசை வலுவாகுமாம். ஊதுவதால் பேச்சு வராது. பேசினால்தான் பேச்சு வரும். ஊதும்போது தசை வேலை செய்யும் விதம் வேறு, பேசும்போது வேறு. பயிற்சியாளர் சொல்லித்தரும் எழுத்துகளை, சொற்களைத் தினமும் கொஞ்ச நேரம் விளையாட்டாகச் சொல்லிப் பழகுவதுதான் பலன் தரும். ஒரு சின்னக் கண்ணாடியை மூக்குக்குக் கீழே பிடித்துக்கொண்டு ‘பாப்பா, பாட்டு’ சொல்லவையுங்கள். கண்ணாடியில் ஆவி படிந்தால் காற்று மூக்கு வழியே கசிகிறது. குழந்தைக்கே தெரியும்.

‘பேச்சுப் பயிற்சிக்கு வாராவாரம் சென்னைக்கு எங்கே போவது’ என்ற கேள்வி நியாயமானது. ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகப் பேச்சுப் பயிற்சித் துறையினர் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு காரியம் செய்தார்கள். உள்ளூர்ப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்கள் வழியாகவே கிராமத்துக் குழந்தைகளுக்குப் பேச்சைத் திருத்தினார்கள். எல்லா மாவட்டத்திலும் இப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஈறிலும் பிளவு இருந்தால் ஏழிலிருந்து பதினொரு வயதுக்குள், கோரைப்பல் முளைப்பதற்கு முன், இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து அங்கே வைப்பார்கள். பிறகு பல் சீரமைப்பு. வளர்ச்சி நின்ற பிறகு, தேவைப்பட்டால் தாடை, மூக்குச் சீரமைப்பு. சிலருக்குப் பேச்சுக்காக அண்ணத்தில் இரண்டாவது ஆபரேஷனும் தேவைப்படும். எல்லோருக்கும் எல்லாமும் வேண்டியிருக்காது.

செலவை நினைத்து யாரும் நிற்க வேண்டியதில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பிளாஸ்டிக் சர்ஜரி துறை இருக்கிறது. ஸ்மைல் டிரெயின் போன்ற அமைப்புகளின் உதவியோடு முற்றிலும் இலவசமாகச் செய்யும் மருத்துவமனைகள் இருக்கின்றன. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழுவின் பட்டியலில் உதடு, அண்ணப் பிளவும் உண்டு. பதினெட்டு வயது வரை அவர்களே மாவட்ட மையத்துக்கு அனுப்பிவைப்பார்கள். பணம் இல்லாமல் நின்றவர்களைவிட, யாரும் சொல்லாமல் நின்றவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

சொல்லாமல் விட்டவர்களில் நானும் ஒருவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு சின்ன ஊரின் மருத்துவமனையில் இருந்தேன். உதடு தைத்துவந்த ஒரு பையனுக்குத் தடுப்பூசி போட்டேன், தழும்பைப் பாராட்டினேன். ‘ஒரு வருஷம் கழிச்சு இன்னொரு ஆபரேஷன் இருக்கு, போயிடுங்க’ என்று ஒரே வரியில் சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. எழுதித் தரவில்லை. வந்தார்களா என்று கேட்கவும் இல்லை. பல வருடம் கழித்து, பதினேழு வயதில் அந்தப் பையன் ஒரு சான்றிதழுக்காக என்னைத் தேடி வந்தான். என்ன வேண்டும் என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினான். தனக்கு வேண்டியதை வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்திருந்தான். பேச வாயைத் திறக்கவே இல்லை. அந்த வயதில் செய்த ஆபரேஷன் அவனுக்குச் சாப்பாடு மூக்கில் ஏறாமல் காத்தது. பேச்சைப் பெரிதாக மாற்றவில்லை. அதற்குப் பிறகு, உதட்டுத் தழும்போடு வரும் எந்தக் குழந்தையையும் வாயைத் திறக்கச் சொல்லாமல் நான் அனுப்புவதில்லை.

ஆட்டோக்காரரின் மகளுக்கு இரண்டு வாரத்துக்குள் அண்ண ஆபரேஷன் நடந்தது. காதுக்குள்ளும் சிறு குழாய் வைத்தார்கள். மூன்று வாரம் முறுக்கு, சிப்ஸ் எதுவும் கிடையாது, கூழும் குழைந்த சாதமும்தான் என்றதற்கு ஆபரேஷனைவிட அதிகமாக அழுதாள். ஆறு வயதில் செய்தது ஒரு வயதில் செய்ததற்குச் சமமாகாது என்பதை அப்பாவிடம் மறைக்காமல் சொல்லியிருந்தேன். பேச்சுப் பயிற்சிக்கு வாரம் ஒரு நாள் சவாரியை விட்டுவிட்டு அவரே கூட்டிப்போகிறார்.

போன வாரம் காதைக் காட்ட வந்திருந்தார்கள். பாட்டி வரவில்லை. சீழ் இல்லை. கண்ணாடியை மூக்குக்குக் கீழே பிடித்துக்கொண்டு, உதடுகளை இறுக்கி மூடி, கண்களை உருட்டி, ‘‘அப்...பா’’ என்று எனக்குச் சொல்லிக் காட்டினாள். கண்ணாடியில் லேசாக ஆவி படிந்தது. ‘ப’ கொஞ்சம் மூக்கோடு வந்தது. ஆனால், ‘ப’தான்.

‘‘வீட்டுல எப்படிக் கூப்பிடுறா?’’ என்று கேட்டேன்.

‘‘நின்னு யோசிச்சா அப்பான்னு வருது சார். ஓடி வரும்போது இன்னும் அம்மாதான்’’ என்றார் அவர்.